இறந்தவரின் வாய்க்கருவியைப் புதிதென்று என் கணவருக்குப் பொருத்தியமை தொடர்பாக

அனுப்புநர்:
திருமதி ஜஸ்ரின் டினோஜா,
கடற்கரை வீதி,
அரிப்பு.

பெறுநர்:
பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்கள்,
மன்னார்.

விடயம்: தனியார் பல் சிகிச்சை நிலையமொன்று, இறந்துபோன ஒருவர் பாவித்த வாய்க்கருவியை என் கணவருக்குப் பொருத்தி, அவரது தாடை மூட்டைப் பழுதாக்கியமை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் ஜஸ்ரின் கடலட்டையும் சங்கும் எடுக்கும் சுழியோடி. முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, அதன் குழாய் முனையிலுள்ள றப்பரைப் பல்லால் கடித்தபடி கடலுக்கடியில் வேலை செய்பவர். கடி தளர்ந்தால் காற்றில்லை. இத்தனை வருடம் கடித்ததில் காதுக்கு முன்னால் தாடை மூட்டில் நோவு தொடங்கியது. கொட்டாவி விட்டால் சுள்ளி முறிவது போல ஒரு சத்தம் பக்கத்தில் இருக்கும் எனக்கும் கேட்கும்.

2. மற்ற வருத்தம் குறட்டை. குறட்டை விடாத ஆண்பிள்ளை எங்கள் ஊரில் இல்லை, அதற்காக ஒருவரும் தங்களுக்கு மனு எழுதமாட்டார்கள். ஆனால் இவரது குறட்டை இடையில் நின்றுவிடும், மூச்சும் அதோடு நின்றுவிடும். பிறகு தண்ணீருக்குள்ளிருந்து எழும்புகிறவர் போல ஒரு பெரிய இழுவையோடு மூச்சுத் திரும்பும். ஒழுங்கான தூக்கம் இல்லாதபடியால் பகலில் இருந்த இடத்திலேயே தூங்கி விழுவார். சென்ற வருடம் ஒருநாள், கீழே இருவர் சுழியோடிக்கொண்டிருக்க, மேலே வள்ளத்திலிருந்து அவர்களது மூச்சுக் குமிழிகளைக் கவனிப்பது இவரது முறையாக இருந்தது. இவர் தூங்கிவிட்டார். அந்த இருவரும் நீரோட்டத்தில் இழுபட்டுப்போய், வேறொரு வள்ளக்காரர் கண்டு ஏற்றியதால் உயிர் தப்பினார்கள். வள்ளங்களின் சொந்தக்காரரான எங்கள் சம்மாட்டி றெனால்ட் அவர்கள் ஏசவில்லை. வருத்தத்தைச் சுகமாக்கும்வரை கடலுக்கு வரவேண்டாம் என்று மட்டும் சொன்னார். அதில் பிழை சொல்ல எனக்கு மனமில்லை.

3. ஆகவே மன்னார் நகரில் மேல்மாடியொன்றில் இயங்கும் பல் சிகிச்சை நிலையத்துக்குப் போனோம். அதன் பெயரையும் விலாசத்தையும் தனித்தாளில் இணைத்துள்ளேன். குறட்டைக்கும் தாடை நோவுக்கும் ஒரே கருவியால் தீர்வு என்று வாசலில் படம் போட்டிருந்தார்கள். கீழ்த்தாடையை முன்னுக்கு இழுத்துப் பிடித்து, தொண்டையைத் திறந்து வைத்திருக்கும் கருவியாம். அப்படி ஒரு கருவி உண்மையிலேயே இருக்கிறது என்பதையும், பலருக்கு அது உதவுகிறது என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் தூக்கத்தில் மூச்சு நிற்பதை முதலில் பரிசோதிக்க வேண்டும் என்றோ, தாடை மூட்டு நோவு உள்ளவருக்கு அதைக் கண்டபடி போடக்கூடாது என்றோ அங்கே ஒருவரும் சொல்லவில்லை. இவர் என்ன தொழில் செய்கிறார் என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை. பல் வைத்தியர் கையுறை போட்ட கையால் ரெலிபோனை எடுத்துக் கதைத்துவிட்டு, அதே விரலை என் கணவரின் வாய்க்குள் விட்டார். அப்பொழுதே எழும்பி வந்திருக்க வேண்டும். படித்தவருக்கு முன்னால் வாயைத் திறக்க எங்களுக்கு உள்ள கூச்சத்தால் இருந்துவிட்டோம்.

4. இவரது பல்லின் அச்சு எடுக்கவில்லை. உள்ளேயிருந்து ஒரு கருவியைக் கொண்டுவந்து, வெந்நீரில் போட்டு இளக்கி, இவரது வாய்க்குள் வைத்து அமத்தினார்கள். புதியது என்றார்கள். அதைப் போட்டுப் படுத்த முதல் நாளிலிருந்தே இவருக்குத் தாடை ஒரு பக்கமாகக் கோணி இழுத்தது. கருவியின் ஓரத்தில் ஏதோ கீறல் நாக்கில் உராய்வதாகவும் சொன்னார். திரும்பப் போய் முறையிட்டபோது அந்தப் பல் வைத்தியர் சொன்ன வார்த்தைகளை அப்படியே தருகிறேன்: "அது கொம்பனிக்காரன் போட்ட குறி. வாய் பழகும் மட்டும் அப்பிடித்தான் இருக்கும்." நம்பினோம். இவரும் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டார். வலிக்க வலிக்கக் கடித்திருப்பதுதானே இவரது தொழில். ஒருநாள் விடிய எழும்பியபோது தாடை பூட்டிக்கொண்டுவிட்டது. இன்றுவரை ஒரு விரல் நுழையும் அளவுக்குமேல் வாய் திறபடுவதில்லை. கஞ்சியும் கூழும்தான் சாப்பாடு. ஞாயிறு பூசையில் நற்கருணையைக் கையில் வாங்கி, நுள்ளி நுள்ளி வாய்க்குள் வைக்கிறார். தூக்கத்தில் மூச்சு நிற்பது மட்டும் முன்பு போலவே தொடர்கிறது.

5. இனிச் சொல்லப்போவது ஒரு மனுவில் எழுதக்கூடாததுதான். தாங்கள் பொறுத்தருள வேண்டும்.

எங்கள் கடலில் ஒரு வழக்கம் உண்டு. காற்றுக்குழாயின் வாய்றப்பர் ஆளுக்கு ஒன்று. ஒருவர் கடித்ததை, அண்ணன் தம்பியானாலும், மற்றவர் வாயில் வையார். கலந்துபோகாதிருக்க ஊசியைச் சூடாக்கி ஓரத்தில் தங்கள் குறியைப் போட்டுவைப்பார்கள். எங்கள் அயலில் இருந்த சிங்கராசா என்ற மூத்த சுழியோடியும் அப்படித்தான். அவருக்கும் குறட்டை வருத்தம் இருந்து, இதே நிலையத்தில் இதே மாதிரிக் கருவி வாங்கியிருந்தார். தொழில் பழக்கத்தில் அதற்கும் தன் குறியைப் போட்டார். ஒரு சிறு சிலுவை, அதன் அடியில் இரண்டு புள்ளி. அவர் நெடுநாள் இருமலோடு வந்த நெஞ்சு வருத்தத்தால் காலமானார்.

இறந்தவரின் மூக்குக் கண்ணாடி, ஊன்றுகோல் போன்றவற்றை இறந்தோரை நினைவுகூரும் ஆத்துமாக்களின் மாதத்தில் அவர் பெயரால் இல்லாதவர்களுக்குக் கொடுப்பது எங்கள் கோயில் பங்கில் வழக்கம். அவரது மனைவி மாக்கிறட் அக்கா அந்த வழக்கப்படி, யாராவது ஓர் ஏழைக்கு உதவட்டும் என்று இந்தக் கருவியையும் கொண்டுபோய் அந்த நிலையத்தில் கொடுத்திருக்கிறார். வாய்க்குள் போட்ட சாமானை அப்படிக் கொடுக்கக்கூடாது என்பது அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டியவர்கள் அதை வாங்கி, நன்றி சொல்லி, உள்ளே வைத்துக்கொண்டார்கள்.

6. என் கணவருக்கு வாய் திறபடவில்லை என்று கேள்விப்பட்டு மாக்கிறட் அக்கா கூழ் கொண்டு வந்தார். கருவி மேசையில் தண்ணீர்க் கோப்பைக்குள் கிடந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தார். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். "இது எங்கட அவரின்ர, டினோஜா" என்றார். கூழ்ச் சட்டியையும் விட்டுவிட்டு எழும்பிப் போய்விட்டார். அன்றிலிருந்து எங்கள் வாசலால் வராமல் பின் ஒழுங்கையால் போகிறார். அவர்மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. நல்ல மனதோடு கொடுத்த ஒரு பெண்ணை வெட்கப்படவைத்தவர்கள்மீதுதான் என் கோபமெல்லாம்.

7. நான் நிலையத்துக்குப் போய்க் கேட்டேன். முதலில் எல்லாக் கருவியிலும் அந்தக் குறி இருக்கும் என்றார்கள். ஒன்றைக் காட்டுங்கோ என்றேன், காட்டவில்லை. பிறகு, நன்றாக அவித்துத்தான் தந்தோம் என்றார்கள். கடைசியாகப் பல் வைத்தியர், "நீங்கள் பழைய உடுப்பு வாங்கி உடுத்திறதில்லையோ?" என்று கேட்டார். ஐயா, எச்சில் கோப்பையை விருந்தாளிக்கு நீட்டாத வீட்டில் வளர்ந்தவள் நான். செத்தவரின் வாயில் கிடந்ததை உயிரோடிருப்பவர் வாயில் வைத்துவிட்டு, அதை உடுப்போடு ஒப்பிட்டுக் கதைக்கும் மனிதரைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. படியிறங்கி வந்து வீதியோரத்தில் சத்தியெடுத்தேன்.

8. அதன் பிறகு அவர்கள் ஆள் அனுப்பி, பெட்டியோடு புதிய கருவி தருகிறோம், பழையதைத் தாருங்கள் என்று கேட்டார்கள். அந்தப் புதியதும் என் கணவரின் வாய்க்கு அளவெடுத்ததல்ல. கொடுக்க மறுத்துவிட்டேன். பழைய கருவி ஒரு போத்தலில் அடைக்கப்பட்டு எங்கள் பங்குத் தந்தையின் அலுமாரியில் பூட்டியிருக்கிறது. தாங்கள் அனுப்பும் அதிகாரியின் கையிலன்றி வேறெவரிடமும் அது போகாது.

9. கொடுத்த காசைத் திரும்பக் கேட்டு இம்மனுவை நான் எழுதவில்லை. என் கணவரைத் தாடை மூட்டும் தூக்க மூச்சுத்தடையும் தெரிந்த விசேட வைத்தியர்களிடம் அனுப்பி, முறையாகப் பரிசோதித்து, அவரது வாய்க்கே அளவெடுத்த சிகிச்சை கிடைக்கச் செய்யவேண்டும். சிங்கராசா அண்ணையின் நெஞ்சு வருத்தம் இவருக்குத் தொற்றியிருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். அந்த நிலையத்தின் அலுமாரிகளைத் திறந்து, இன்னும் எத்தனை பேரின் வாயில் எவரெவரின் கருவி இருக்கிறது என்று தேடவேண்டும். விசாரணை முடிந்ததும் கருவியை மாக்கிறட் அக்காவிடம் ஒப்படைக்க வேண்டும். சேமக்காலையில் தன் கணவரின் குழிக்குள் அதைத் தாட்டுவிட்டால் தனக்கு மனம் ஆறும் என்று பங்குத் தந்தையிடம் சொல்லியிருக்கிறார்.

10. இம்மனுவில் எழுத்து சில இடங்களில் கோணியும் விட்டுவிட்டும் இருப்பதற்குத் தாங்கள் மன்னிக்க வேண்டும். என் கணவர் பக்கத்தில் கதிரையில் தூங்கிக்கொண்டிருக்க இதை எழுதினேன். அவர் மூச்சு நின்ற ஒவ்வொரு முறையும் பேனையை வைத்துவிட்டு அவரைத் தட்டினேன், மூச்சு வந்த பிறகே அடுத்த சொல்லை எழுதினேன். தங்கள் பதில் வரும்வரை என் வேலை இதுதான்.

தங்கள் நடவடிக்கையை எதிர்பார்த்திருக்கும்,

ஜ. டினோஜா
(கையொப்பம்)

இடம்: அரிப்பு
திகதி: 2025.03.18