தணித்துவைத்த மைக்

பிப்ரவரி 4

அன்புள்ள பாட்டுக்காரிக்கு,

நலம்தானே? நம் பழைய குழுவின் பியானோக்காரரிடம் கெஞ்சித்தான் உன் விலாசத்தை வாங்கினேன். நம் கல்யாணம் முறிந்து இருபத்தெட்டு வருஷம் கழித்து எதற்குக் கடிதம் என்று முகத்தைச் சுளிக்காதே. தொலைக்காட்சி நிலையத்தில், உடை அலமாரிக்குப் பின்னால், நம் ஜாஸ் கிளப் நிகழ்ச்சியின் நாடாக்கள் அகப்பட்டிருக்கின்றன. அந்தக் காலத்து இயந்திரத்தை ஓட்டத் தெரிந்த ஒலிப்பதிவாளன் நான் ஒருவன்தான் மிச்சமாம். ஓய்வு பெற்றவனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நேற்று நாடாவில் உன்னைப் பார்த்தேன். பச்சை உடை, ஒரு காதில் மட்டும் வளையம். இன்னொன்றைத் தேடச் சொல்லி அன்று என்னைப் படாதபாடு படுத்தினாயே! பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். வேலை ஓடவில்லை.

காதுக்காரன்

பிப்ரவரி 19

காதுக்காரருக்கு,

நலம். முழங்கால்தான் மக்கர் செய்கிறது. வளையத்தைத் தொலைத்தது நீங்கள். பழியை என் தலையில் போடாதீர்கள். பாடுவதை விட்டுப் பல வருஷமாகிறது. துணிக்கடையில் அளவெடுக்கிறேன்.

மற்றதையெல்லாம் எழுதுங்கள், ஆசையாகப் படிக்கிறேன். கடைசி நிகழ்ச்சியைப் பற்றி மட்டும் வேண்டாம். அன்று உங்களிடமிருந்து ஒரு பதிலும் வராமல் போனதே, அது போதும்.

பாட்டுக்காரி

மார்ச் 6

அன்பே,

என்ன பதில் என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசி நிகழ்ச்சியின் நாடாவில் உன் மைக்கை மட்டும் தனியாக ஓடவிட்டேன். டிரம்ஸ்காரர் வெளுத்து வாங்கும் இடம். நீ பியானோக்காரரிடம் சொல்கிறாய்: "நாளைக்கு ஃப்ளைட். இவரு ஒரு தடவ 'போகாதே'ன்னு சொல்லட்டும், டிக்கெட்டக் கிழிச்சுப் போட்டுடறேன்."

சத்தியமாக அன்று இது என் காதில் விழவில்லை. நாடாவில் ஒவ்வொரு மைக்கும் தனித்தனியாகப் பதிவாகும். ஹெட்போனில் நான் ஏற்றி இறக்கும் கலவைதான் வரும். நீ பாடி முடித்ததும் உன் மைக்கைத் தணித்தேன். அதுதான் என் வேலை. ஒழுங்காகச் செய்து தொலைத்தேன், பாவி.

போகாதே என்பது தொண்டை வரை வந்தது. வெளிநாட்டில் பாடக் கிடைத்த உன் வாய்ப்புக்குக் குறுக்கே நிற்கக் கூடாதென்று விழுங்கினேன். இப்போது சொல்கிறேன், வந்துவிடு.

உன் காதுக்காரன்

ஏப்ரல் 2

அன்புள்ளவருக்கு,

கடிதத்தைக் கடையிலேயே பிரித்துவிட்டேன். ஒரு அம்மாளுக்கு அளவெடுத்துக்கொண்டே அழுதேன். "என் இடுப்பு அவ்வளவு மோசமாவா போயிடுச்சு?" என்று பயந்துவிட்டார்.

நான் பேசியது பியானோக்காரரிடம் அல்ல, உங்களிடம். முகத்துக்கு நேரே சொல்லத் தைரியமில்லை, அதனால் மைக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டு சொன்னேன். எதிர் மூலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தலையை ஆட்டினீர்கள். டிரம்ஸுக்கு ஆட்டினீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை என்றே நினைத்தேன். அந்தக் கோபத்தில்தான் இத்தனை வருஷமும் ஓடியது. அந்தக் கோபத்தில்தான் இன்னொருவரைக் கட்டிக்கொண்டேன். நல்ல மனிதர். இப்போது அவருக்குக் கண் தெரியாது. காலையில் சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிட வேண்டும்.

அதனால் வரமாட்டேன். இனி எழுதவும் வேண்டாம். நீங்கள் சொல்லிவிட்டீர்கள், அது போதும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

போதவில்லை.

பாட்டுக்காரி