நாலு பத்துக்கு வெளியே வந்தவர்

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுதக் கை வரவில்லை. ஒன்பது நாளாகக் கூப்பிடுகிறேன், நீ போனை எடுக்கவில்லை. அதனால்தான் கடிதம். பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். தபால் நிலையத்தில் வேலை பார்ப்பதில் இந்த ஒரு வசதி உண்டு, வாங்கிக்கொண்டதற்கு நீ கையெழுத்துப் போட்டாக வேண்டும். உன் சொந்தக் கையெழுத்தைப் போடு.

உன் மாமாவுக்குக் கணுக்காலில் அறுவைச் சிகிச்சை முடிந்துவிட்டது. இரண்டு திருகாணி வைத்திருக்கிறார்கள். மூன்று மாதம் கால் ஊன்றக்கூடாதாம். அதற்குப் பிறகும் கொஞ்சம் சாய்ந்துதான் நடப்பார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கைக்கடிகாரம் பழுது பார்க்கிறவருக்குக் கால் எதற்கு என்று நீ கிண்டல் செய்தாலும் செய்வாய். அவர் கடைக்குப் பதினாறு படி ஏற வேண்டும், உனக்கே தெரியும். கடை பூட்டிக் கிடக்கிறது. எங்கள் மூத்த மகள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிக்கிறாள்.

மலைக்குப் போகலாம் என்று அவரா கேட்டார்? நாலு நாள் லீவில் வந்தவன் நீ. புது ஷூ, மடக்குத் தடி, எத்தனை அடி நடந்தாய் என்று சொல்லும் கைக்கடிகாரம். முதல் பள்ளத்தைப் பார்த்தால் போதாது, இரண்டாம் பள்ளத்தின் அடிவரைக்கும் இறங்கியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாய். வீட்டுக்கு வந்த மச்சினனைத் தனியாக அனுப்பக்கூடாது என்று அந்த மனுஷரும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவர் நடை எப்படி என்று உனக்குத் தெரியாதா? நீ நடப்பதும் மற்றவர்கள் ஓடுவதும் ஒன்று. கூட வந்தவருக்காக ஒரு இடத்திலாவது நின்றாயா?

நீ மட்டும் வீட்டுக்கு வந்து சொன்னது எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. "மாமா கடைத்தெருவுல யாரையோ பாத்துப் பேசிட்டிருக்காருக்கா, வந்துடுவாரு. எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு" என்றாய். நான் உனக்கு வழிக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தேன். தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டாய் என்று தெருமுனை வரைக்கும் ஓடி வந்து கொடுத்தேன்.

ஏழு மணிக்கும் அவர் வரவில்லை. மலையடிவாரச் சோதனைச்சாவடிக்கு ஓடினேன். அங்கே என்ன முறை என்று உனக்குத் தெரியும். உள்ளே போகிறவர்கள் பதிவேட்டில் பெயரும் நேரமும் எழுத வேண்டும். வெளியே வரும்போது அவரவர் கையெழுத்துப் போட வேண்டும். ஐந்து மணிக்குக் காவலர் விசில் ஊதிவிட்டுப் பதிவேட்டைப் பார்ப்பார். ஒரு கையெழுத்து குறைந்தாலும் கயிறும் விளக்குமாக நாலு ஆட்களோடு கீழே இறங்கிவிடுவார். அதனாலேயே அவருக்கு விசில்காரர் என்று பெயர். அன்றைக்குப் பதிவேட்டில் எதுவும் குறையவில்லை. "ரெண்டு பேரும் நாலு பத்துக்கே வெளிய வந்துட்டாங்களேம்மா, இதோ பாருங்க" என்று விரல் வைத்துக் காட்டினார். நானும் பார்த்தேன் என்று பெயர். இருந்த பதற்றத்தில் என்ன தெரியும். உன் மாமா ஊருக்குள்தான் இருக்கிறார் என்று நம்பி பஸ் நிலையம், ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன் என்று அலைந்தேன். அந்த நேரமெல்லாம் அவர் மழையில் பள்ளத்தில் கிடந்தார்.

விடிந்ததும் விசில்காரரே வீடு தேடி வந்தார். பதிவேடு என்ன சொன்னாலும் தனக்கு மனசு கேட்கவில்லை, ஒரு தடவை இறங்கிப் பார்த்துவிடலாம் என்றார். நானும் கூடவே போனேன். நீ போட்டோ எடுத்து அனுப்பிய இடங்களை எல்லாம் வெறுங்காலோடு பார்த்தேன். முதல் பள்ளம் வரைக்கும் பிடித்து இறங்க வேர்கள் இருக்கின்றன. அதற்கப்புறம் இரண்டு பக்கமும் பாறை நெருங்கிவிடுகிறது. ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவுக்குத்தான் வழி. ஓடைத் தண்ணீர் முழங்காலுக்கு ஏறியிருந்தது. காலை எங்கே வைத்தாலும் வழுக்கியது. இரண்டாம் பள்ளத்துச் சரிவில், கல் பெயர்ந்த இடத்தை முதலில் பார்த்தேன், அப்புறம் அவருடைய பையை, அப்புறம் அவரை. விசில்காரர்தான் இறங்கித் தொட்டுப் பார்த்துவிட்டு, உயிர் இருக்கிறது என்று கையை ஆட்டினார். அவரே உன் மாமாவை முதுகில் சேர்த்துக் கட்டிக்கொண்டு மேலே ஏறினார். அவருக்கு ஐம்பத்து நாலு வயது. மூன்று மணி நேரம் ஆயிற்று. வழியில் இரண்டே முறைதான் இறக்கி வைத்தார்.

அந்த மனுஷரைத்தான் இப்போது வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சீக்கிரம் வீட்டுக்குப் போவதற்காக அவரே கையெழுத்தைக் கிறுக்கிப் பதிவேட்டை முடித்துவிட்டார் என்பது குற்றச்சாட்டு. "அந்தத் தம்பி குடிக்கத் தண்ணி கேட்டாரு. நான் உள்ள போய் எடுத்துட்டு வர்றதுக்குள்ள ரெண்டு கையெழுத்தும் இருந்துச்சு. மாமா பஸ்ஸைப் பிடிக்க முன்னாடியே நடந்துட்டாருன்னு சொன்னாரு, நம்பிட்டேன்" என்கிறார். நம்பியது தன் தப்புதான் என்று ஒத்துக்கொள்கிறார். நீயோ, விசாரணை அதிகாரியின் போனை மட்டும் எடுத்து, என் கையெழுத்தைத்தான் நான் போட்டேன், மற்றது எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கிறாய்.

போன வெள்ளிக்கிழமை என்னையும் விசாரணைக்கு அழைத்தார்கள். பதிவேட்டை மேசைமேல் விரித்து, உன் மாமா பெயருக்கு நேரே இருந்ததைக் காட்டி, இது யார் எழுத்து என்று தெரிகிறதா என்று கேட்டார் அதிகாரி. கடைசி எழுத்தின் வாலை மேலே சுழித்து, அடியில் இரண்டு கோடு. எட்டாம் வகுப்பில் கணக்கில் பதினொன்று வாங்கிவிட்டு, மதிப்பெண் அட்டையில் அப்பா கையெழுத்தை நீயே போட்டாயே, அதே சுழி, அதே இரண்டு கோடு. அப்பா ஒரு கோடுதான் போடுவார். உன் மாமா கோடே போடமாட்டார். அன்றைக்கு உன்னை அப்பாவிடம் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றினேன். வெள்ளிக்கிழமையும் அதையேதான் செய்தேன். "தெரியல சார்" என்றேன். விசில்காரர் சுவரோரமாக நின்றிருந்தார். வெளியே வந்ததும், சாருக்கு இப்போது வலி எப்படி இருக்கிறது என்று என்னிடம் விசாரித்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உன்மேல் உள்ள கோபத்தை எழுதித் தீர்க்க முடியாது. மாமா விழுந்தது உனக்குத் தெரியாது, அதை நான் நம்புகிறேன். இவர் ஆடி அசைந்து வருவதற்குள் ரயில் போய்விடும், ஒரு கையெழுத்துதானே என்று நினைத்திருப்பாய். உன் புத்தி எனக்குத் தெரியாதா. ஆனால் மறுநாள் நான் செய்தி அனுப்பி எல்லாம் தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டு பழியை இன்னொருவர் தலையில் கட்டினாயே, அதை மன்னிக்க எனக்கு மனசு இல்லை. கூடப் பிறந்தவன் என்று சொல்லிக்கொள்ளவே கூசுகிறது.

வரும் புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கடைசி விசாரணை. நான் போகிறேன். அது உன் எழுத்து என்று சொல்லப்போகிறேன். வெள்ளிக்கிழமை நான் சொன்னது பொய் என்றும் சேர்த்துச் சொல்வேன். அதனால் என் வேலைக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை, வருவது வரட்டும். அதற்கு முன்னால் நீயே வந்து உன் வாயால் சொல்லிவிடு. செவ்வாய்க்கிழமை காலை ரயிலைப் பிடித்தால் சரியாக இருக்கும். உன்னிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்.

உன் மாமாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது. சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விசில்காரரை அனுப்பி வைத்ததே நீதான் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். முன்னால் போனவன் நான் வராததைப் பார்த்திருப்பான், சாவடியில் சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏறியிருப்பான், அந்தத் தைரியத்தில்தான் கத்திக் கூச்சல் போடாமல் கிடந்தேன் என்கிறார். பக்கத்துக் கட்டில்காரரிடமும் இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் உனக்கு எழுதுவதைப் பார்த்துவிட்டு, "அவன் இல்லேன்னா இன்னைக்கு நான் இல்ல. நான் ரொம்ப நன்றி சொன்னேன்னு ஒரு வரி சேத்து எழுதிடு" என்றார்.

எழுதிவிட்டேன். நன்றாக இரு.

இப்படிக்கு,
அக்கா