வெந்நீரும் இஞ்சைப் பட்டையும்

பாறசாலை
9.6.2024

எனக்க பட்டாளமே,

நீங்கள் போய் இன்றைக்குப் பதினாறு நாள். நீங்கள் பட்டாளத்தில் காஷ்மீரில் இருந்தபோது எழுதினது போல எழுதுகிறேன். தபாலில் போட இடமில்லை, உங்கள் வேதப்புத்தகத்துக்குள் வைப்பேன். மகள் பின்சி கண்டாலும் பயமில்லை. அவள் மலையாளம் படித்தவளாக்கும். நாலாம் வகுப்போடு நின்ற என் தமிழை இந்த வீட்டில் வாசிக்க நீங்கள் ஒருவர்தான் இருந்தீர்கள்.

எனக்கு ஒன்று பிடிபடவில்லை. கணுக்கால் வெடிப்பு வழியாகக் கிருமி ஏறி ரத்தத்தில் கலந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். வெடிப்பு எப்படி வந்தது? நாலு மாதமாக நீங்கள் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. முள் குத்தவில்லை, கல் தட்டவில்லை. தினமும் பத்து மணிக்கு வெந்நீர் வைத்து, மருந்து சோப்புப் போட்டு, சொரசொரப்பான இஞ்சைப் பட்டை நாரால் தேய்த்துக் குளிப்பாட்டினேன். அடக்கத்துக்கு வந்தவர்கள்கூட, "கெடப்புல கெடந்த ஆளு மாதிரியே இல்ல, என்ன சுத்தம்" என்றார்கள். கேட்க எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த நேரத்தில் பெருமை வரலாமா, அதுவும் தெரியவில்லை.

கிழக்கு மூலை மரச்சீனிக் கிழங்கு பிடுங்கினோம். நல்ல மாவு. தின்னத்தான் ஒருவருக்கும் மனசில்லை.

உங்கள்
சத்தியபாய்


பாறசாலை
23.6.2024

எனக்க பட்டாளமே,

பஞ்சாயத்திலிருந்து உங்களைப் பார்க்க வந்துகொண்டிருந்த நர்ஸ் ஜீனா, தண்ணீர் மெத்தையைத் திரும்ப எடுக்க வந்தாள். அந்த வெடிப்பைப் பற்றிக் கேட்டேன். முதலில் மழுப்பினாள். விடாமல் கேட்கவும் சொன்னாள்.

"வயசாகும்போ தோலுல உள்ள எண்ணெய் வத்திப்போவும் அம்மா. அதாக்கும் உள்ள ஈரத்தப் பிடிச்சு வைக்குதது, வெளிய உள்ள கிருமிய உள்ள கேற விடாம தடுக்குதது. சூடுவெள்ளமும் சோப்பும் போட்டுத் தேச்சா மிச்சம் உள்ளதும் போவும். பிறவு தோலு காஞ்சு வெடிக்கும்."

"அவரு சொறிஞ்சாரே மக்கா. அழுக்குன்னுல்லா நான் தேச்சேன்."

"அது வறட்சியாக்கும். நான் அன்னைக்கே சொன்னேன் இல்லியா?"

சொன்னாள். சோப்பு வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து எண்ணெய் தடவினால் போதும் என்றாள். நான் என்ன சொன்னேன் என்று கட்டிலில் கிடந்து நீங்களும் கேட்டீர்கள். "குளிப்பாட்ட மடியுள்ள சோம்பேறியளுவ சொல்லுத பேச்சாக்கும் இது" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள்.

பின்சி என்னைத் திட்டுகிறாள். "அப்பனுக்கு எண்பத்திரெண்டு வயசு, சுகர் உண்டு. எல்லாத்தையும் சோப்புக்க தலையில கெட்டாத" என்கிறாள். நேரம் வந்தது, கர்த்தர் எடுத்துக்கொண்டார் என்று போதகர் சொல்கிறார். ஒவ்வொருவர் சொல்லும்போதும் சரி என்றுதான் படுகிறது. அவர்கள் போனதும் என் கையைப் பார்க்கிறேன்.

சத்தியபாய்


பாறசாலை
14.7.2024

எனக்க பட்டாளமே,

ஆராதனை முடிந்து வரும்போது பஸ் ஸ்டாப்பில் ஜீனாவைக் கண்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சமாதானம் சொல்ல வந்தவள், உங்கள் ரகசியத்தைச் சொல்லிவிட்டாள்.

"ஐயாவுக்கு உங்கமேல கோவம் ஒண்ணும் இல்ல அம்மா. தேய்க்கும்போ தீ மாதிரி எரியுதுன்னு எனக்கிட்ட சொன்னாரு. அவகிட்ட சொல்லாத, அவளுக்கு மனசு நோவும்னாரு."

அவள் அதை ஆறுதலாகத்தான் சொன்னாள். நான் பஸ்ஸில் ஏறி, எங்கே இறங்க வேண்டும் என்று மறந்து உதியன்குளங்கரை வரைக்கும் போய்விட்டேன்.

ஐம்பத்தொரு வருஷம். நேற்று வந்த பெண்ணிடம் சொன்னதை என்னிடம் சொல்ல வாயில்லையா? எரியுது சத்தியபாய் என்று ஒரு வார்த்தை சொன்னால் நான் தேய்ப்பேனா? கோபமாக வருகிறது. உடனே அழுகை வருகிறது. யார்மேல் கோபம் என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை.

ஆசுபத்திரிக்குக் கொண்டுபோன அன்று காலையிலும் குளிப்பாட்டினேன். உங்களுக்குப் பேச்சு நின்றிருந்தது. காலைத் தேய்க்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். அத்தனை நாள் ஒரு கரண்டி பிடிக்கப் பலமில்லாத கை, அன்றைக்கு இறுக்கிப் பிடித்தது. கண்ணைத் திறந்து என்னையே பார்த்தீர்கள். சுகமாக இருக்கிறது, இன்னும் தேய் என்கிறீர்கள் என்று நினைத்து, கையை மெல்ல விடுவித்துக்கொண்டு மேலும் நாலு தேய் தேய்த்தேன்.

போதும் என்று சொல்லவா அப்படிப் பிடித்தீர்கள்?