சில்வண்டு செய்த பாவம்

வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் விட்ட பிறகு

அன்பு மகனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே அம்மா சுகம், நான் சுகம், உன் தங்கை சில்வண்டும் சுகம். சுகம் என்றால் சாதாரண சுகமா, யாருக்கு எழுதுற, என்ன எழுதுற என்று இவ்வளவு நேரம் என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது, எழுத்துக்கூட்டிப் படிக்க வேறு வந்துவிட்டதா, கையால் மறைத்து மறைத்துப் பார்த்துவிட்டு இப்போதுதான் அம்மாவிடம் துரத்திவிட்டேன். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். ஒன்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதன்கிழமை இங்கே ஒரு பெரிய கலவரம் நடந்தது, நல்லபடியாக முடிந்தும் விட்டது, அதனால் நடுவில் பதறிப்போய் போனைத் தூக்காமல் கடைசிவரை படி. போனிலேயே சொல்லியிருப்பேன், உன் அம்மா பாதியில் பிடுங்கி அழ ஆரம்பித்துவிடுவாள், நீ அங்கே தலையும் வாலும் புரியாமல் தவிப்பாய், அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான், சில்வண்டு பள்ளிக்கூடத்தில் காணாமல் போய்விட்டது. முதல் இடைவேளைக்கு வெளியே போனவள் வகுப்புக்குத் திரும்பவில்லை. இரண்டாம் வகுப்பு டீச்சர், அவள் வழக்கம்போல என் ஐந்தாம் வகுப்புக்குத் தண்ணீர் குடிக்க வந்திருப்பாள், அப்பன் கொஞ்சிக்கொண்டிருப்பான் என்று விட்டுவிட்டார். நான் என்னடாவென்றால் பின்னக் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் டீச்சர் வாசலில் வந்து நின்று, சார், பாப்பாவ அனுப்புறீங்களா, நோட்டுத் திருத்தணும் என்றார். எந்தப் பாப்பா என்றேன். அவ்வளவுதான், அவர் முகம் வெளுத்துவிட்டது, நான் சாக்பீஸைப் போட்டுவிட்டு வெளியே ஓடினேன். அப்புறம் நடந்ததை எப்படி எழுதுவது, கழிப்பறை, சத்துணவுக் கூடம், படிக்கட்டுக்கு அடியில் உடைந்த பெஞ்சு போட்டு வைத்திருக்கும் இடம் எல்லாம் பார்த்தாயிற்று. முன் கேட்டில் காவல்காரர் ஒரு ஈ காக்கா வெளியே போகவில்லை என்று சத்தியம் செய்தார், ஆனால் பின்பக்கக் கதவு தாழ்ப்பாள் போடாமல் கிடந்தது. அந்தக் கதவைத் தாண்டினால் லாரிகள் ஓடும் சாலை என்று உனக்குத் தெரியும். நான் அந்தச் சாலையில் போய் நின்றுகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தேன் பார், அந்த நிலைமை எதிரிக்கும் வரக்கூடாது.

மாதா கோயிலுக்குள்ளும் தேடினோம். பள்ளிக்கூடத்தை ஒட்டினாற்போல இருக்கிறதே, அங்கே போய் நானே தொண்டை கிழியக் கூப்பிட்டேன், பெஞ்சுக்கு அடியில் எல்லாம் குனிந்து பார்த்தேன், பதில் இல்லை. அதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது, மணி அடித்துவிட்டது. நீ படித்த காலத்திலிருந்து மாறாத வழக்கம்தானே, மத்தியான மணி அடித்தால் யார் எங்கே இருந்தாலும் அப்படியே நின்று மூவேளை செபம் சொல்ல வேண்டும், பாதி ஓட்டத்தில் இருப்பவனும் நிற்க வேண்டும், வாயில் சோற்றை வைத்திருப்பவனும் எழ வேண்டும். எனக்கு வந்ததே ஒரு கோபம்! பிள்ளையைக் காணோம், இந்த நேரத்தில் மணியடித்துச் செபம் சொல்லாவிட்டால் என்ன கெட்டுவிடும், தேடுகிற ஆள்கள் எல்லாம் மரம் மாதிரி நின்றுவிட்டார்களே என்று கோயில் வாசலில் நின்று பல்லைக் கடித்தேன். தலைமைச் சிஸ்டரைப் பார்த்து, சிஸ்டர், இப்ப இது தேவையா என்று எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் கத்தியே விட்டேன். சிஸ்டர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு செபத்தின் முன்பாதியைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

முற்றம் முழுக்கப் பிள்ளைகள் பின்பாதியைச் சொன்னார்கள். அப்போது, மகனே, என் முதுகுக்குப் பின்னால், ஆளில்லாத கோயிலுக்குள்ளே இருந்து ஒரு குரல் தனியாக, எல்லோரையும் முந்திக்கொண்டு, காது கிழிகிறாற்போலப் பின்பாதியைச் சொன்னது. அந்தத் தொண்டைக்குத்தானே நீ சில்வண்டு என்று பேர் வைத்தாய். குரல் வந்தது பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் இருந்து, அதுதான், சாமியார் நடுவில் உட்கார நாம் பக்கத்தில் முழங்காலில் நின்று சல்லடை வழியாகப் பாவத்தைச் சொல்வோமே, அந்த மரக்கூண்டு. சனிக்கிழமை தவிர மற்ற நாளில் அதை யார் திறந்து பார்க்கிறார்கள்? நான் ஓடிப்போய்த் திரையை விலக்கினால், இவள் முழங்காலில் நின்றுகொண்டு, கைகூப்பி, செபத்தை முடிக்காமல் என்னிடம் பேச மாட்டேன் என்று கண்ணாலேயே சொல்கிறாள். நானும் அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். செபம் முடிந்ததும் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, ஏண்டி, அப்பா அத்தனை வாட்டி கூப்பிட்டேனே, காதுல விழலையா என்று கேட்டால், கோயிலுக்குள்ள பேசக் கூடாதுன்னு நீதான சொன்ன என்கிறாள். மத்தியான செபம் என்றால் பேச்சு இல்லையாம், செபமாம், அதனால் சொன்னாளாம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் காதைத் திருகித் திருகிச் சொல்லிக்கொடுத்தவன் நான்தானே. சிஸ்டரிடம் போய் மன்னிச்சுக்குங்க சிஸ்டர் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, போங்க சார், புள்ளைக்கு முதல்ல தண்ணி குடுங்க என்றார்.

உள்ளே என்ன செய்தாய் என்று கேட்டால், சாமியாரிடம்தான் சொல்வேன் என்று ஒரே பிடிவாதம். பாவசங்கீர்த்தனத்துக்கு இன்னும் வயசாகலம்மா, அடுத்த வருஷம் முதல்முதலா நற்கருணை எடுத்துப் புதுநன்மை வாங்கும்போது பார்க்கலாம் என்று சிஸ்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், நடக்கவில்லை. கடைசியில் சாமியாரே சாப்பாட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்து உள்ளே உட்கார்ந்தார். நான் தூணோரமாகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன், ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கே போயிற்று அந்தத் தொண்டை என்று ஆகிவிட்டது. வெளியே வந்த சாமியாரிடம் என்ன சாமி சொன்னா என்று கேட்டதற்கு, பாவசங்கீர்த்தனத்துல கேட்டதச் சொல்லக் கூடாதுன்னு அஞ்சாம் வகுப்புக்கு மறைக்கல்வி எடுக்குற உங்களுக்குத் தெரியாதா சார், அவகிட்டயே கேளுங்க என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் அவளே அவிழ்த்துவிட்டாள். அவள் வகுப்பில் தினமும் காலையில் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு மன்றாட்டுச் சொல்வார்கள், மற்றவர்கள் எல்லாரும் எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்பார்கள். ஒருவன் நாய்க்குட்டிக்குக் கால் சரியாக வேண்டும் என்பான், இன்னொருவன் கணக்கு டீச்சருக்கு லேசாகக் காய்ச்சல் வர வேண்டும் என்று கேட்டு உதை வாங்குவான். நம்மவள் மட்டும் போன வருஷம் முழுக்க ஒரே மன்றாட்டு, எங்க அண்ணனுக்கு வெளிநாட்டுல வேலை கிடைக்கணும். வகுப்புக்கே அதற்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. உனக்கு ஆர்டர் வந்த அன்று பிள்ளைகள் எல்லாம் கைதட்டி இவளை ராணி மாதிரி ஆக்கிவிட்டார்கள். அப்புறம் நீ போனாய். நீ போனதிலிருந்து இந்தக் கழுதை என்ன முடிவு கட்டியிருக்கிறது தெரியுமா, இவள் கேட்டதால்தான் நீ போனாயாம், இவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் நீ வீட்டிலேயே இருந்திருப்பாயாம், அம்மா ராத்திரிச் செபத்தில் உன் பேர் வரும்போது கண்ணைத் துடைப்பதும் இவளால்தானாம். அது பாவம்தானே, பாவத்தை அங்கே போய்ச் சொன்னால் இல்லாமல் ஆகிவிடும் என்று சொன்னார்களே, அதனால் போனாளாம். இத்தனை நாள் அந்தச் சின்ன நெஞ்சுக்குள் இதைப் பூட்டி வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள், எனக்குத் தெரியவில்லையே என்று நடுரோட்டில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

சாமியார் என்ன பரிகாரம் கொடுத்தார் என்று கேட்டேன். அண்ணன் அங்கே நன்றாக இருக்க வேண்டும் என்று ஒரு அருள்நிறைந்த மரியே செபம் சொல்லச் சொன்னாராம். சொல்லிட்டியா என்றால், இன்னும் இல்லை, அதில் ஒரு சிக்கல் இருக்கிறதாம். அங்கே ரொம்ப நல்லா இருந்தா அண்ணன் வராமலே போயிட்டா என்கிறாள்! கடைசியில் அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள், அண்ணன் நல்லா இருக்கட்டும், ஆனா ரொம்ப நல்லா இருக்க வேணாம், கொஞ்சம் போதும் என்று சொல்லிச் செபித்தாளாம். அதனால் மகனே, அங்கே உனக்கு எதிலாவது கொஞ்சம் குறை இருந்தால் கம்பெனிக்காரனைத் திட்டாதே, இது உள்ளூர் ஏற்பாடு. வீட்டில் அம்மாவிடம் சொன்னதும் அவள் பிள்ளையைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள், பிறகு என்னைப் பிடித்துக்கொண்டாள், ஒரே பள்ளிக்கூடத்துல இருந்துக்கிட்டு ஒரு புள்ளையப் பார்த்துக்கத் துப்பில்ல என்று இன்றுவரை ஓயவில்லை. திட்டட்டும், திட்டுவதற்கு வீடு நிறைய ஆள் இருக்கிறதே, அது போதும் எனக்கு. பின்பக்கக் கதவுக்கு நேற்றே பூட்டுப் போட்டாயிற்று, சாவி சிஸ்டரிடம் இருக்கிறது.

நேற்று படுக்கப் போகும் முன் வந்து கேட்டாள், அப்பா, நீயும் அண்ணனுக்கு வேலை கிடைக்கணும்னு வேண்டிக்கிட்டியா என்று. வேண்டிக்கிட்டேன்மா, தினமும் என்றேன். என் கையைத் தட்டிக்கொடுத்து, பரவால்ல, சனிக்கிழமை நீயும் வா, சாமியார் திட்ட மாட்டார் என்றாள். சரி என்று சொல்லியிருக்கிறேன், நாளைக்குப் போக வேண்டும்.

ஆண்டவர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், மாதா உன் பக்கத்திலேயே நிற்கட்டும், உன் உழைப்புக்கு ஒரு குறையும் வராதிருக்கட்டும், கொஞ்சம் என்ன, ரொம்பவே நன்றாக இரு. ஒன்றே ஒன்று மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது சில்வண்டிடம், நானா ஆசைப்பட்டுத்தான் வந்தேன், யாரும் என்னைய அனுப்பல என்று உன் வாயால் சொல். நானும் பக்கத்தில்தான் நிற்பேன், கொஞ்சம் சத்தமாகவே சொல்லப்பா.

இப்படிக்கு,
உன் அப்பா