பதினோரு பல்லை உடைத்தவள்

குன்சான்
சூசொக் பண்டிகை கழிந்த மூன்றாம் நாள்

என் கண்ணே யெசுல்,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம், மழை வந்தால் அவர் முழங்கால் மட்டும் முனகுகிறது. சியோலில் அந்த ஜன்னலில்லாத அறையில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துத்தான் பொழுதை ஓட்டுகிறேன். பண்டிகைக்கு நீ வராததை யாரும் கேட்கவில்லை என்று போனில் சொன்னேனே, அது பொய், எல்லோரும் கேட்டார்கள். வேலை கிடைத்ததா, இன்னும் பட்டம் வாங்காமல் தள்ளிப்போடுகிறாளா என்று. மாணவியாகவே இருந்தால்தான் கம்பெனிகள் கூப்பிடும், அதனால் மூன்றாவது தடவையும் தள்ளிப்போடுகிறாள் என்றால் இவர்களுக்குப் புரிகிறதா.

என் ஓரகத்தி, போரம் அம்மா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "எங்க போரம் கம்பெனில பண்டிகைக்குக் குடுத்தாங்கக்கா, இத்தனைய நாங்க எங்க வைக்கிறது, நீங்க எடுத்துக்கோங்க" என்று ஹாம் இறைச்சி டப்பாப் பெட்டியை நீட்டினாள். மீன் வறுக்கிற சாக்கில் நான் திரும்பவே இல்லை. உன் அப்பா மானமில்லாமல் அன்றைக்கே இரண்டு டப்பா காலி செய்தார். சொல்ல வெட்கம்தான், எனக்கு வயிறு எரிந்தது. உன் வயதுக்காரி, உன் பள்ளிக்கூடம், இங்கேயே மூன்று வருஷம் செயற்கைப் பல் செய்யப் படித்தவளுக்கு வேலை, சியோலில் படித்த என் மகளுக்கு இல்லை.

குறை கண்டுபிடிக்கவே போரத்தை உட்காரவைத்து, கல்லூரியில் என்னதான் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். கடைசி அரை வருஷம் வகுப்பே கிடையாதாம், பட்டறையில் வேலையாம். "மொத மாசம் பதினோரு பல்ல ஒடச்சேன் பெரியம்மா. ஒடச்சதுக்கு மார்க் போகாது, மறைச்சாத்தான் போகும். ஒடச்சுட்டேன்னு வாத்தியார்ட்ட போய்ச் சொல்லப் பழகறதுக்கே ரெண்டு வாரம் ஆச்சு" என்று சிரிக்கிறாள். போன மாதம் நேர்முகத்தில், நீ செய்த தவறு ஒன்றைச் சொல் என்றதற்கு, மனப்பாடம் செய்த பதிலைப் பாதியில் மறந்து நின்றாயே. தவறு செய்து பார்க்க உனக்கு யார் இடம் கொடுத்தார்கள், உன் பல்கலைக்கழகமும் கொடுக்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

இதையும் கேட்டுக்கொள். பள்ளி முடிக்கிற வருஷம், அந்தக் கல்லூரிக்குப் பள்ளிக்கூடம் சிபாரிசு செய்யக்கூடிய ஒரே இடம் போரத்துக்குப் போய்விட்டது என்று நீ இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாய். ஆசிரியர் எழுதியிருந்தது உன் பெயரைத்தான். பல் செய்யவா இவளைப் பெற்றேன் என்று நான்தான் போய், வேறு யாருக்காவது கொடுங்கள் என்றேன். ஆறு வருஷமாக நான் பொறாமைப்படுவது, என் கையால் நானே தூக்கிக் கொடுத்ததைப் பார்த்து.

பட்டம் வாங்கினவர்களையும் அங்கே சேர்க்கிறார்களாம், விண்ணப்பம் நவம்பர் வரை. போவதும் போகாததும் உன் இஷ்டம், நான் வாய் திறக்க மாட்டேன். நீ எங்கே இருந்தாலும் உன் கைக்குப் பிடித்த வேலை அமைந்து நன்றாக இருக்க வேண்டும். என்னைத் திட்டுவதானால் காலையில் கூப்பிடு, அப்பா மீன் சந்தைக்குப் போயிருப்பார், அவருக்கு இது தெரியாது.

உன் அம்மா
கும்சுக்