கை மறைக்காத ஒரு படம்

பேட்டை,
செப்டம்பர் 1994

அன்புள்ள நூருக்கு,

மாடக்கண்ணு எழுதுவது. சுகம் விசாரித்து எழுத இப்போது மனசு நிலையில் இல்லை. உன் கம்பெனி நம்பருக்கு ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து அடித்து அலுத்துவிட்டேன். நீ சைட்டில் இருப்பதாகச் சொல்லி வைத்துவிடுகிறார்கள். அதனால்தான் உன் வீட்டில் கமர் நிஷா, தன் அண்ணன் மகன் இர்ஷாத் லீவு முடிந்து அங்கே திரும்பும்போது அவனிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடச் சொன்னாள்.

என் மகள் இன்பமணியைக் காணவில்லை. ஆவணித் திருவிழாவுக்குத் திருச்செந்தூர் போனோம். மொட்டை போட்டு, கடலில் குளிப்பாட்டி, தலையில் சந்தனம் தடவிவிட்டு ஈரத்துணியைப் பிழியக் குனிந்திருக்கிறாள் பேச்சித்தாய். நிமிர்ந்தபோது பிள்ளை இல்லை. ஒரு வாரம் ஆகிறது. கடலில் போயிருந்தால் இதற்குள் கரை ஒதுங்கியிருக்கும் என்கிறார்கள் வலைக்காரர்கள். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடுகிறேன்.

"அண்ணாச்சி, சந்தனம் பூசுன மொட்டைத் தலை அங்கன ஆயிரம் கெடக்கு. முகத்தக் காட்டும் வே, தேடுதோம்" என்கிறார் ஏட்டு. பத்திரிகையிலும் போட்டோதான் கேட்கிறார்கள். நான் எங்கே போவேன்? மூத்தவனை ஸ்டூடியோவில் படம் எடுத்த மாதமே காய்ச்சலுக்குப் பறிகொடுத்தோம். அதிலிருந்து பேச்சித்தாய் இவளைக் கேமரா முன்னால் விட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ என்றால் அன்றைக்குப் பிள்ளைக்கு வயிற்றுவலி.

நீ லீவில் வந்தபோது கேமராவும் கையுமாகத் திரிந்தாயே. கடை வாசல், டீ ஆற்றுகிற இசக்கி, தராசுத் தட்டில் உறங்கிய பூனை, ஒன்றையும் விடவில்லை. இதையெல்லாமா படம் பிடிப்பான் என்று சிரித்தேன். பிறகு, நீ கொண்டுவந்த சக்கரப் பலகையோடு இன்பமணியை ரைஸ்மில் சரிவுக்குக் கூட்டிப்போனோம். பலகைக்கடியில் பழைய பேரிங்கை மாட்டி நாம் இருவரும் உருண்டு முட்டியைப் பெயர்த்துக்கொண்ட அதே சரிவு. நமக்கு உட்கார்ந்து போகத்தான் தைரியம். இவள் பாவாடையைச் சொருகிக்கொண்டு நின்றே போனாள்.

நீ கேமராவைத் தூக்கும்போதெல்லாம் அம்மா சொல்லிக்கொடுத்தபடி உள்ளங்கையால் முகத்தை மூடிக்கொண்டாள். "மாமா, மூஞ்சி வேண்டாம், பலகைய மட்டும் எடுங்க" என்றாள். கடைசித் தடவை வேகம் கூடிவிட்டது. விழாமலிருக்க இரண்டு கையையும் விரித்தாள். அப்போது நீ அமுக்கிய சத்தம் எனக்குக் கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கிறது. கீழே இறங்கியதும், "அம்மைட்ட சொல்லிராதீங்க மாமா" என்று உன் சட்டையைப் பிடித்துக் கெஞ்சினாள்.

அந்த ஒரு படத்தில் அவள் முகம் இருக்கிறது, நூரு. இந்த உலகத்தில் வேறெங்கும் இல்லை.

ரோலில் நாலு படம் மிச்சம், அங்கே போய் எடுத்து முடித்துக் கழுவுகிறேன் என்றாய். எதுக்கு வீணாக்குதே, அப்படியே செய் என்று நானும் சொன்னேன். வியாபாரி புத்தி. இன்னும் அது கேமராவுக்குள் கிடந்தால் அந்த நாலும் நாசமாகப் போகட்டும், இன்றைக்கே கழுவக் கொடு. பதற்றத்தில் மூடியைத் திறந்துவிடாதே. வெளிச்சம் பட்டால் பிள்ளை போய்விடுவாள்.

முகத்தைப் பெரிதாகப் போடச் சொல். தலைமுடி தெரியாமல் வெட்டச் சொல், இப்போது அவளுக்கு முடி இல்லை. திருவனந்தபுரத்தில் இறங்குகிற யார் கையிலாவது கொடுத்துவிடு. என்றைக்கு என்று மட்டும் தந்தி அடி, நான் ஏர்போர்ட் வாசலில் நிற்பேன். கை மறைத்த படங்களையும் சேர்த்து அனுப்பு. அவை போலீசுக்கு அல்ல.

பேச்சித்தாய் பக்கத்தில்தான் இருக்கிறாள். நடந்ததை எல்லாம் அவளிடம் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "அந்தப் படத்துல பிள்ளை சிரிச்சிருக்காளான்னு நூரண்ணன்ட்ட கேளுங்க" என்கிறாள். பார்த்ததும் அதையும் எழுது.

தொழும்போது அவள் பெயரைச் சொல். உன் பிள்ளைகள் என்றென்றும் கமர் நிஷாவின் கண்ணெதிரிலேயே இருக்கட்டும்.

உன்
மாடக்கண்ணு