சத்தியத்துக்குப் பத்துச் சாரன்

மருதமுனை,
14.10.1958

என் கண்ணான மச்சானுக்கு, உங்கள் சுல்பிகா ஸலாம் சொல்லி எழுதுவது. நானும் மகள் சபூறாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். அவளுக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. வாப்பாவுக்குக் காட்ட வேண்டுமாம், சீலைத்துண்டில் முடிந்து வைத்திருக்கிறாள். ஒருவரையும் தொட விடுகிறாளில்லை.

தம்பி ஜெமீல் கொழும்பு ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்த்துவிட்டு நேற்றுத்தான் வந்தான். முகம் வெளுத்துப்போய், கால்கள் குச்சியாகிக் கிடக்கிறீர்களாம். இதயத்தில் பட்ட காயம் ஆறிவிட்டது, இனிக் கட்டிலில் குந்தியிருக்க வேண்டும், பிறகு எழும்பி நடக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லி மூன்று கிழமையாம். நீங்கள் தலையைக்கூடத் தூக்குவதில்லையாம். ஏன் என்று ஜெமீல் கேட்டதற்கு, "உன்ட ராத்தாக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திட்டன், அவ வாற வரைக்கும் எழும்ப மாட்டன்" என்றீர்களாம். அதைக் கேட்டு எனக்குத் தறியில் கை ஓடவில்லை. அப்படியே குந்தி அழுதேன்.

பிழை என்னுடையதுதான். கரைவலை இழுக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் விழுந்தீர்களே, அன்று இங்கே டொக்டர் ஆடாமல் அசையாமல் படுக்க வேண்டும் என்றார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மட்டக்களப்பில் ரயில் ஏற்றும்போது உங்கள் கையைப் பிடித்து, நான் வரும்வரை கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்று அல்லாஹ்வின் பெயரால் சத்தியம் வாங்கினேன். நான் சொன்ன எதைத்தான் இத்தனை வருசத்தில் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்? இதைப் போய்க் கேட்டீர்களே.

பக்கத்து வளவுப் பதியுதீன் மாஸ்டரிடம் போய் விசயத்தைச் சொன்னேன். அவர் பத்திரிகை எல்லாம் வாசிக்கிறவர். போன வருசம் றஷ்யாக்காரன் ஆகாயத்துக்கு ஒரு நாயை அனுப்பினானே, அதன் நெஞ்சுத் துடிப்பைக் கருவி வைத்துக் கீழேயிருந்து கணக்கெடுத்தார்களாம். ஏறும்போது மூன்று மடங்கு அடித்ததாம். பாரமே இல்லாத அந்த இடத்தில் அது அடங்க வெகுநேரம் எடுத்ததாம். நாளைக்கு மனிதன் போனால் என்ன ஆகும் என்றுதான் இப்போது ஆராய்கிறார்களாம். நாம் நிற்கும்போது இரத்தம் காலுக்குத்தான் இறங்கப் பார்க்கும். இதயமும் இரத்தக் குழாய்களும் பாடுபட்டு அதைத் தலைக்கு ஏற்றும். அந்த உழைப்பில்தான் அவற்றுக்குப் பலம். மேலே அந்த வேலை குறைவு. இரத்தம் முகத்துக்கும் நெஞ்சுக்கும் ஏறிவிடும், இதயம் சோம்பிவிடும், திரும்பி வந்து நின்றால் கண் இருண்டு விழ வேண்டியதுதான் என்று பயப்படுகிறார்களாம். இதற்கு ஆகாயத்துக்குப் போகத் தேவையில்லை, இரண்டு மாதம் கட்டிலில் நீட்டிக் கிடந்தாலே போதும் என்று மாஸ்டர் சொன்னார்.

அது உண்மைதான் மச்சான். சபூறா பிறந்து நாற்பது நாளும் உம்மா என்னைப் படுக்கையை விட்டு எழும்ப விடவில்லையே, நாற்பத்தோராம் நாள் நான் எழும்பினதும் வாசல்படியில் விழுந்ததும் நினைவிருக்கிறதா? நீங்கள்தான் தூக்கினீர்கள். பாவு நூலைத் தளரவிட்ட தறி மாதிரி ஆகியிருந்தேன். பிறகு நடக்க நடக்கத்தான் சரியானது.

அந்த நாய் திரும்பி வரவில்லையாம். அதற்குத் திரும்புகிற வழியையே அவர்கள் வைக்கவில்லையாம். எனக்கு ராவெல்லாம் அதே நினைப்பு.

சத்தியத்துக்கு வழி கேட்டு முகைதீன்பாவா ஆலிமிடம் போனேன். படுக்கச் சொல்லவும் எழும்பச் சொல்லவும் நீ என்ன டொக்டரா என்று நன்றாக ஏசினார். பிறகு, நன்மைக்காகச் சத்தியத்தை முறிக்கலாம், பத்து ஏழைகளுக்கு உணவோ உடுப்போ கொடுத்தால் முறித்ததற்குப் பரிகாரமாக, கபாறாவாக, ஆகிவிடும், அந்த எண்ணத்தோடு நீங்கள் நிய்யத்து வைத்தால் உங்கள் பேரில் நான் கொடுக்கலாம் என்றார். உடுப்புத்தானே, அது என் கையில் இருக்கிறது. வீட்டில் நான் நெய்து வைத்திருந்த ஒன்பது சாரனையும் எடுத்து வைத்துவிட்டேன். பத்தாவது தறியில் ஏறிவிட்டது. இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது அதுவும் முடிந்திருக்கும். வாசித்ததும் மனதில் நிய்யத்து வையுங்கள். முதலில் கால்களைத் தொங்கப்போட்டுக் குந்துங்கள். தலை சுற்றினால் பயப்படாதீர்கள். டொக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள்.

நான் ஏன் இன்னும் வரவில்லை என்று ஜெமீலிடம் கேட்டீர்களாம். அவனுக்குத் தெரியாது. வெட்கத்தில் நான்தான் சொல்லவில்லை. ரயில் வாடையை நினைத்தாலே குமட்டுகிறது. மச்சான், நான் இரண்டு மாதமாக முழுகாமல் இருக்கிறேன்.

நீங்கள் நெடுநாள் வாழ வேண்டும் என்று ஐந்து வேளையும் கையேந்துகிறேன். பிள்ளை பிறந்ததும் அதன் காதில் பாங்கு சொல்ல வேறு யாரையும் கூப்பிட மாட்டேன். அதை நின்றுகொண்டு சொல்ல வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

உங்கள்
சுல்பிகா